1981 டைட்டன்ஸ் ரசிகர்கள் 2010 ரீமேக்கை ஏன் மன்னிக்கவில்லை?

கேள்வி சுருக்கமாக இது: 2010-இல் வந்த ‘கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்’ என்ற கிரேக்கப் புராண சாகசப் படம் உலகம் முழுக்க நன்றாகத்தான் ஓடியது. அப்படியிருக்க, 1981-இல் வந்த மூலப் படத்தின் ரசிகர்கள் இன்றுவரை ஏன் அதைத் திட்டிக்கொண்டே இருக்கிறார்கள்? சின்ன வயதில் பார்த்த படம் என்ற பாசமா, இல்லை நியாயமான கோபமா? எட்டு வயதுப் பையனுக்கு இரண்டில் எதைப் போட்டுக் காட்டலாம்?

முதலில் அந்த ‘நன்றாக ஓடியது’ என்பதைப் பார்த்துவிடலாம். செலவு சுமார் 12.5 கோடி டாலர், உலக வசூல் 49 கோடி டாலருக்கு மேல். வட அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே 6.1 கோடி. கணக்குப்படி வெற்றிதான், மறுக்க முடியாது. ஆனால் இரண்டே வருடத்தில், 2012 மார்ச்சில், ‘ராத் ஆஃப் தி டைட்டன்ஸ்’ என்று இரண்டாம் பாகம் வந்தது. அதே கதாநாயகன், அதே கடவுள்கள், விளம்பரத்துக்கும் குறைவில்லை. வட அமெரிக்க வசூல் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. மூன்றாம் பாகத் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு படம் மக்களுக்குப் பிடித்ததா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது அடுத்த பாகத்துக்கு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதைத்தான். முதல் பாகத்துக்குக் கூட்டம் வந்தது டிரெய்லரை நம்பி. பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களில் நிறையப் பேர் மறுபடி வரவில்லை.

ஆகவே அதிருப்தி பழைய ரசிகர்களோடு நிற்கவில்லை. அவர்கள் சத்தம் அதிகம் கேட்டது, அவ்வளவுதான். அவர்கள் ஏன் அவ்வளவு சத்தம் போட்டார்கள் என்பதற்கு ரே ஹாரிஹவுசனைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

1981 படத்தை இயக்கியவர் டெஸ்மண்ட் டேவிஸ், திரைக்கதை பெவர்லி கிராஸ். நடிகர் பட்டியல் பிரமாதமானது: கடவுள்களின் தலைவர் ஜீயஸாக லாரன்ஸ் ஒலிவியே, கடல் தேவதை தெட்டிஸாக மேகி ஸ்மித், ஹேராவாகக் கிளேர் புளூம், அஃப்ரோடைட்டாக உர்சுலா ஆண்ட்ரெஸ். இருந்தாலும் அதை யாரும் டேவிஸ் படம் என்றோ ஒலிவியே படம் என்றோ சொல்வதில்லை. ஹாரிஹவுசன் படம் என்றே சொல்வார்கள். தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் விசித்திரப் பிராணிகளுக்கு உயிர் கொடுத்தவராகவும் இருந்த மனிதர் அவர். 1933-இல் வந்த ‘கிங் காங்’கைப் பதின்மூன்று வயதில் பார்த்துவிட்டு, இதை எப்படிச் செய்தார்கள் என்று கண்டுபிடித்தே தீருவேன் என்று கிளம்பியவர். அப்பா உலோக வேலை தெரிந்தவர், பொம்மைகளின் எலும்புக்கூடுகளைக் கடைந்து கொடுத்தார். அம்மா பொம்மைகளுக்கு உடை தைத்தார். பிறகு அதே ‘கிங் காங்’கின் பொம்மைகளை அசைத்த வில்லிஸ் ஓ’பிரையனிடமே வேலைக்குச் சேர்ந்தார்.

அவர் செய்த வேலை ஸ்டாப் மோஷன். மூட்டுகள் உள்ள உலோகக் கூட்டின் மேல் ரப்பர் தோல் போர்த்திய பொம்மை. அதை ஒரு நூலிழை நகர்த்த வேண்டும், ஒரு ஃபிரேம் எடுக்க வேண்டும், மறுபடி நகர்த்த வேண்டும். திரையில் ஒரு நொடி ஓட 24 ஃபிரேம் வேண்டும். பொம்மைக்குப் பின்னால் நடிகர்களை வைத்து எடுத்த காட்சியைச் சின்னத் திரையில் ஓட்டி, முன்பக்கம் எந்தப் பகுதி மறைய வேண்டுமோ அதைக் கறுப்புப் பூசிய கண்ணாடியால் மறைத்து, பிறகு அந்தப் பகுதியைத் தனியாகப் படமெடுத்துச் சேர்ப்பார். இப்படிச் செய்தால் பொம்மை நிஜ நடிகர்களுக்கு நடுவே நிற்பது போலத் தெரியும். 1963-இல் வந்த ‘ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்’ படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் மூன்று பேரோடு வாள் சண்டை போடும் காட்சி ஒன்று உண்டு. சில நிமிடம் மட்டுமே ஓடும் அதற்கு நாலரை மாதம் பிடித்தது. இந்த வேலையை அவர் பெரும்பாலும் தனியாகவே செய்தார். 1981 டைட்டன்ஸ் மிகப் பெரிய வேலை என்பதால் ஜிம் டேன்ஃபோர்த், ஸ்டீவன் ஆர்ச்சர் ஆகியோரை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். அதுவே அவருடைய கடைசி முழுநீளப் படமாகவும் ஆனது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. 1981-இலேயே அது பழைய பாணிப் படம்தான். ‘ஸ்டார் வார்ஸ்’ வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அமெரிக்காவில் அது வெளியான 1981 ஜூன் 12 அன்றே ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’கும் வெளியானது. பக்கத்துத் தியேட்டரில் இந்தியானா ஜோன்ஸ் ஓடும்போது இங்கே ரப்பர் பொம்மை. படம் போட்ட பணத்தை எடுத்துவிட்டது, ஆனால் விமர்சகர்கள் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். அந்தப் படத்தின் உண்மையான ரசிகர் கூட்டம் பிற்பாடு டிவியிலும் வீடியோ கேசட்டிலும் சேர்ந்தது. எண்பதுகளில் சிறுவர்களாக இருந்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அதனால், ‘அந்தக் காலத்தில் அதுதான் உச்சத் தொழில்நுட்பம், அதில் மயங்கியவர்கள் இப்போதைய தொழில்நுட்பத்தை ஏற்க மறுக்கிறார்கள்’ என்று சிலர் சொல்வது சரியில்லை. அவர்கள் பார்த்தபோதே அது பழையதுதான். சிறகுள்ள குதிரை பெகாசஸ் பறக்கும்போது ஓரத்தில் கோடு தெரிவது அந்தச் சிறுவர்களுக்கும் தெரியும்.

சரி, பிறகு எதில் மயங்கினார்கள்? தன்னைப் பார்ப்பவரைக் கல்லாக்கும் பாம்புத்தலைப் பெண் மெடூசாவைக் கதாநாயகன் பெர்சியஸ் எதிர்கொள்ளும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு படத்திலும் அது இருப்பதால் ஒப்பிடுவது சுலபம்.

1981-இல் மெடூசா வருவதற்கு முன்பே அவளுடைய சத்தம் வருகிறது. ஹாரிஹவுசன் அவளுக்கு மனுஷ உடம்புக்குக் கீழே பாம்பு உடல் கொடுத்து, வால் நுனியில் கிலுகிலுப்பைப் பாம்பின் கிலுக்கையும் வைத்தார். கையில் வில். இருட்டு மண்டபம், நெருப்பு வெளிச்சம் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. தூணுக்குப் பின்னால் பெர்சியஸ் வியர்த்து வழிய ஒளிந்திருக்கிறான். முதலில் சுவரில் நிழல் தெரிகிறது. அப்புறம் கைகளை ஊன்றி, உடம்பைத் தரையோடு இழுத்துக்கொண்டு அவள் வருகிறாள். வேகமில்லை. தலையில் இருக்கும் ஒவ்வொரு பாம்பும் தனித்தனியாக நெளிகிறது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு பாம்பையும் கையால் நகர்த்தியிருக்கிறார்கள் என்பது அப்புறம் தெரியவரும்போது மலைப்பு. ஆனால் பார்க்கும்போது அந்த நினைப்பு வராது. அவள் என்ன யோசிக்கிறாள் என்பதுதான் மனதில் ஓடும். ஒரு அம்பை எடுத்து நாணில் வைத்துவிட்டு, நின்று, தலையைத் திருப்பி, எங்கே இருக்கிறான் என்று தேடுகிறாள். பேச்சு ஏறக்குறைய கிடையாது. அந்த ரப்பர் பொம்மை நடிக்கிறது. படத்தின் கதாநாயகன் ஹாரி ஹாம்லினைவிட நன்றாக நடிக்கிறது என்று சொன்னால் அவருடைய விசிறிகள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் உண்மை அதுதான்.

2010-இல் மெடூசா முழுக்கக் கணினி வேலை. முகம் மட்டும் ரஷ்ய மாடல் நத்தாலியா வோடியனோவாவுடையது. இடம் பாழடைந்த கோயில், கீழே எரிமலைக் குழம்பு. அவள் தூணுக்குத் தூண் பாய்கிறாள், சிரிக்கிறாள், வால் சுழல்கிறது, வீரர்கள் வரிசையாகக் கல்லாகிறார்கள். கேமராவும் அவளோடு பறக்கிறது. மோசமான காட்சி என்று சொல்ல மாட்டேன். வீரர்களின் தலைவன் டிராக்கோவாக வரும் மேட்ஸ் மிக்கெல்சன் அதற்குள்ளும் ஒரு கௌரவத்தைக் கொண்டுவந்துவிடுகிறார். ஆனால் பயம் வருவதற்கு நேரம் வேண்டும். இங்கே மெடூசா ஓர் இடத்தில் நின்று பார்வையாளன் அவளைப் பார்ப்பதற்குள் அடுத்த ஷாட் வந்துவிடுகிறது. அவளுக்கு மனம் என்று ஒன்று இருப்பதாகவே தெரிவதில்லை, வேகம் மட்டும் இருக்கிறது. பழைய ரசிகர்கள் ‘உயிரில்லை’ என்று புலம்புவது இதைத்தான். கணினி வேலை என்பதால் உயிரில்லை என்று அவர்களில் பலரே தவறாக விளக்கம் சொன்னார்கள். அதனால்தான் மற்றவர்கள் அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கினார்கள்.

கணினி வேலையே பிரச்சினை என்றால் பீட்டர் ஜாக்சன் 2005-இல் எடுத்த ‘கிங் காங்’கை ஹாரிஹவுசன் ரசிகர்கள் கல்லால் அடித்திருக்க வேண்டுமே. ஹாரிஹவுசன் போலவே ஜாக்சனும் 1933 படத்தைச் சிறுவயதில் பார்த்து அதற்காகவே சினிமாவுக்கு வந்தவர். அவருடைய காங் முழுக்கக் கணினியில் உருவானது, அதற்கு அசைவும் முகபாவமும் கொடுத்தவர் ஆண்டி செர்கிஸ். அந்தப் படத்தின் மேல் வந்த முக்கியப் புகார் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது என்பதுதான், அது நியாயமான புகாரும்கூட. காங்கைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. அதற்கு முன் 1976-இல் வந்த ரீமேக்கில் பல அடி உயர இயந்திரக் குரங்கு ஒன்றைப் பெரிய செலவில் செய்து, அது சரியாக அசையாமல் சில ஷாட்களோடு விட்டுவிட்டு, படம் முழுக்க ரிக் பேக்கர் குரங்கு உடை மாட்டிக்கொண்டு நடித்தார். நிஜமாகவே கையால் செய்த பிராணி, ஆனாலும் அதன்மேல் பழைய ரசிகர்களுக்குப் பெரிய பிரியம் கிடையாது. ஆகப் பொம்மையா கணினியா என்பதில் அவர்கள் அவ்வளவு பிடிவாதக்காரர்கள் இல்லை. அந்தப் பிராணிக்காக யாராவது உட்கார்ந்து யோசித்தார்களா என்பதுதான் கேள்வி. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஹாரிஹவுசனைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களில் பெரும்பகுதி கணினி அனிமேஷன்காரர்களேதான். ‘மான்ஸ்டர்ஸ், இன்க்.’ படத்தில் வரும் உணவகத்தின் பெயரே ஹாரிஹவுசன்ஸ்.

கதையை மாற்றிவிட்டார்கள் என்ற புகாரையும் அடிக்கடி கேட்கலாம். 1981-இல் பெர்சியஸ் இளவரசி ஆண்ட்ரோமீடாவைக் காதலிக்கிறான், அவளைக் காப்பாற்றத்தான் அத்தனை பயணமும். 2010-இல் ஆண்ட்ரோமீடா கிட்டத்தட்ட ஒரு பணயப் பொருள். காதல் எல்லாம் அயோ என்ற பெண்ணோடு, அந்த வேடத்தில் ஜெம்மா ஆர்டர்ட்டன். வில்லத்தனம் தெட்டிஸிடமிருந்து பாதாளக் கடவுள் ஹேடீஸுக்கு மாறிவிட்டது. வெள்ளைப் பெகாசஸ் கறுப்பாகிவிட்டது. இதற்கெல்லாம் கோபப்பட்டவர்களிடம் எனக்கு அவ்வளவு அனுதாபம் இல்லை. ஏனென்றால் 1981 படமே கிரேக்கப் புராணத்தைக் கன்னாபின்னாவென்று கலைத்துப் போட்ட படம். கடல் அரக்கனான கிராக்கன் கிரேக்கப் பிராணியே கிடையாது, வடக்கு ஐரோப்பியக் கடலோடிகளின் கதையில் வருவது. புராணத்தில் பெர்சியஸ் பறப்பது சிறகு வைத்த செருப்பால், பெகாசஸ் பிறப்பதே மெடூசாவின் கழுத்தை வெட்டிய பிறகுதான். தெட்டிஸின் மகனாக வரும் கலிபோஸ் முழுக்கத் திரைக்கதையாசிரியரின் கற்பனை. தெட்டிஸ் அகிலீஸின் அம்மா, இந்தக் கதையில் அவளுக்கு வேலையே இல்லை. படத்தின் பெயரில் டைட்டன் என்று இருக்கிறதே தவிர, கிராக்கனோ மெடூசாவோ புராணப்படி டைட்டன்கள் (ஜீயஸுக்கு முந்தைய தலைமுறைக் கடவுள்கள்) கிடையாது. ஆகவே மூலக்கதைக்குத் துரோகம் என்ற வாதத்தைப் பழைய படத்தின் ரசிகன் எடுக்கவே கூடாது.

ஆனால் அந்தப் புகாருக்குள் சரியான ஒன்று ஒளிந்திருக்கிறது. 2010 பெர்சியஸுக்குக் கடவுள்கள் மேல் கோபம். வளர்த்த அப்பாவையும் குடும்பத்தையும் ஹேடீஸ் கொன்றுவிட்டான், அதனால் கடவுள் கொடுத்த வாளை எடுக்க மாட்டேன், மனிதனாகவே போராடுவேன் என்று படத்தின் பெரும்பகுதி அடம்பிடிக்கிறான். கோபம் புரிகிறது. ஆனால் மந்திர வாளும் பறக்கும் குதிரையும் கிடைப்பதில் குஷிப்படாத கதாநாயகனை வைத்து சாகசப் படம் எடுத்தால் பார்ப்பவனுக்கும் குஷி வராது. 1981-இல் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் தலைக்கவசம் கிடைத்ததும் பெர்சியஸ் அதை மாட்டிக்கொண்டு விளையாடிப் பார்க்கிறான். அந்தச் சின்னச் சந்தோஷம் ரீமேக்கில் இல்லை. சாம் வொர்திங்டனின் ஒட்ட வெட்டிய ராணுவ முடியைப் பார்த்துக் கிண்டல் அடித்தவர்கள் ஏராளம். இரண்டாம் பாகத்தில் அவர் சுருள்முடியோடு வந்தார், யார் காதில் விழுந்ததோ.

அடுத்து பூபோ. வெளியாட்களுக்குச் சிரிப்பாக இருக்கும், ரசிகர்களை உண்மையிலேயே காயப்படுத்தியது இதுதான். 1981-இல் அதீனா தேவி தன் ஆந்தையைப் பெர்சியஸுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஜீயஸ் சொல்கிறார். அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் கொல்லர் கடவுள் ஹெஃபெஸ்டஸிடம் சொல்லி உலோகத்தில் ஓர் ஆந்தை செய்து அனுப்புகிறாள். பூபோ அதுதான். கீச்சிடும், தடுமாறி விழும், தேவைப்படும்போது காப்பாற்றும். ‘ஸ்டார் வார்ஸ்’ ரோபோவைப் பார்த்துக் காப்பி அடித்தது என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள், இல்லை, அதற்கு முன்பே யோசித்தது என்று ஹாரிஹவுசன் மறுத்தார். பெரியவர்களுக்குப் பூபோ எரிச்சல், சிறுவர்களுக்கு உயிர். 2010-இல் பயணத்துக்கு ஆயுதம் எடுக்கும் காட்சியில் பெர்சியஸ் பெட்டிக்குள்ளிருந்து அந்த ஆந்தையை எடுத்து, இது என்ன என்று கேட்கிறான். அதை விடு என்று பதில் வருகிறது. மறுபடி பெட்டிக்குள் போய்விடுகிறது.

இதைப் பார்த்துத் தியேட்டரில் கைதட்டிச் சிரித்தவர்களும் உண்டு, முகம் சுருங்கியவர்களும் உண்டு. இயக்குநர் லூயி லெட்டரியே பழைய படத்தின் மேல் பிரியம் உள்ளவர்தான், மரியாதையாகத்தான் வைத்திருப்பார் என்று நம்புகிறேன். ஆனால் காட்சி சொல்வது வேறு: இந்தச் சின்னப்பிள்ளைத்தனம் எங்களுக்கு வேண்டாம், நாங்கள் சீரியஸ் படம் எடுக்கிறோம். பழைய ரசிகன் காசு கொடுத்து உள்ளே வந்து, தான் நேசித்த பொருளை வைத்துத் தன்னையே கேலி செய்கிறார்கள் என்று உணர்ந்தால் அப்புறம் படத்தில் எது நன்றாக இருந்தாலும் கண்ணில் படாது. பூபோவை வைத்திருக்கலாம், இல்லாவிட்டால் முழுசாகத் தவிர்த்திருக்கலாம். இரண்டாம் பாகத்தில் ஹெஃபெஸ்டஸாக வரும் பில் நை பூபோவோடு பேசிக்கொண்டிருப்பார். படத்திலேயே கலகலப்பான இடம் அதுதான், ஆனால் காலம் கடந்துவிட்டது.

இதுவரை சொன்னது மூலப்படத்தைத் தெரிந்தவர்களின் கோபம். மூலப்படத்தைப் பற்றிக் கேள்வியே படாதவர்களும் 2010-இல் கோபப்பட்டார்கள், காரணம் 3டி.

‘அவதார்’ 2009 டிசம்பரில் வந்து 3டி கண்ணாடிக்குக் கூடுதல் காசு கொடுக்க உலகமே தயார் என்று காட்டிவிட்டது. டைட்டன்ஸ் படப்பிடிப்பு அதற்குள் முடிந்துவிட்டது, சாதாரண ஒற்றைக் கேமராவில் எடுத்தது. உடனே வார்னர் பிரதர்ஸ் வெளியீட்டை 2010 மார்ச் 26-இலிருந்து ஏப்ரல் 2-க்குத் தள்ளிவைத்து, எடுத்து முடித்த படத்தை 3டி ஆக்க முடிவு செய்தது. மும்பையைச் சேர்ந்த பிரைம் ஃபோகஸ் நிறுவனத்திடம் அந்த வேலை போனது. கிடைத்த காலம் ஏறக்குறைய பத்து வாரம்.

இந்த வேலை என்ன என்று தெரிந்தால்தான் பத்து வாரம் என்பதன் கொடுமை புரியும். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொரு உருவத்தின் விளிம்பையும் வரைந்து பிரிக்க வேண்டும். எது முன்னால், எது எவ்வளவு பின்னால் என்று ஆழம் கொடுக்க வேண்டும். பிறகு இன்னொரு கண்ணுக்கான படத்தை உருவாக்கும்போது, முன்னால் இருப்பது கொஞ்சம் நகர்வதால் பின்னால் ஓட்டை விழும், அதை வண்ணம் தீட்டி அடைக்க வேண்டும். பறக்கும் முடி, புகை, தூசு, தண்ணீர் எல்லாம் இதில் எமன்கள். டைட்டன்ஸில் இவை எல்லாமே நிரம்பி வழிகின்றன. அவசரத்தில் செய்தால் என்ன ஆகும்? மனிதர்கள் அட்டையில் வெட்டி நிறுத்தியது போல வரிசை வரிசையாக நின்றார்கள். முகம் ஓர் ஆழத்தில், தலைமுடி இன்னொன்றில். கண்ணாடி வேறு வெளிச்சத்தைக் குறைக்கும், குகைக் காட்சிகளில் எதுவும் தெரியவில்லை. 3டியை மனதில் வைத்து எடுக்காத படத்தில் ஷாட்கள் படபடவென்று மாறும், கேமரா ஆடும், கண் ஆழத்தைப் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

இதற்காக மும்பையில் இராப்பகலாக உட்கார்ந்து விளிம்பு வரைந்தவர்களைக் குறை சொல்வது அநியாயம். தேதியை நிர்ணயித்தவர்கள் வேறு யாரோ. ஹாலிவுட்டிலேயே கலகம் வெடித்தது. டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனின் ஜெஃப்ரி காட்ஸன்பெர்க், 3டியின் பெரிய ஆதரவாளர், இதைவிடத் தரம் குறைய முடியாது என்ற தொனியில் பகிரங்கமாகவே பேசினார். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் படத்தைப் பாராட்டி எழுதிவிட்டு, 3டியில் மட்டும் பார்க்காதீர்கள் என்றார். சில வருடம் கழித்து லெட்டரியேவே, அந்த 3டி படுமோசம், பார்வையாளர்களிடமிருந்து பணம் பிடுங்கும் தந்திரம் என்று ஒப்புக்கொண்டார். இயக்குநரே அப்படிச் சொன்ன பிறகு ரசிகனை மிகைப்படுத்துகிறான் என்று எப்படிச் சொல்வது?

எனக்குத் தோன்றுவது, இந்த 3டி விவகாரமும் மெடூசா விவகாரமும் ஒரே விவகாரம்தான். ஒரு தலைமுறை முன்பு ஒரு காட்சிக்காக மாதக்கணக்கில் பொறுமையாக உட்கார்ந்த மனிதரின் பெயரால் நினைவிருக்கும் படம் அது. அதை எடுத்து, எதற்கும் நேரம் கொடுக்காமல், அவசர அவசரமாகத் தள்ளிவிட்டார்கள். ரசிகர்கள் அதை இப்படிக் கோவையாகச் சொல்லவில்லை. ஒருவர் ஆந்தை என்றார், ஒருவர் முடி என்றார், ஒருவர் கண்ணாடி என்றார். எல்லோரும் பட்டுக்கொண்டது ஒரே இடத்தில்.

படத்திலிருந்து நிலைத்தது எதுவென்று பார்த்தால் அது ஒரு வசனம். ஜீயஸாக வரும் லியாம் நீசன் பளபளக்கும் கவசத்தில் நின்று கிராக்கனை அவிழ்த்துவிடச் சொல்லிக் கட்டளையிடும் அந்த ஒற்றை வரி. டிரெய்லரிலேயே அது தனி வாழ்க்கை ஆரம்பித்துவிட்டது. படம் வருவதற்கு முன்பே மீம், டி-ஷர்ட், எல்லாம். 2020 அமெரிக்கத் தேர்தலுக்குப் பிறகு டிரம்ப் தரப்பு வழக்கறிஞர் சிட்னி பவல் தன் வழக்குகளைப் பற்றிப் பேசும்போதுகூட அதே வரியைப் பயன்படுத்தினார். 1981-இல் ஒலிவியே அதே கட்டளையைக் கொடுத்தபோது யாரும் சிரிக்கவில்லை என்பது வேடிக்கை. இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு 2010 படத்தில் கிராக்கன் கடைசிச் சில நிமிடம்தான் வருகிறது. பிரம்மாண்டம் என்றால் அப்படியொரு பிரம்மாண்டம், ஒரே நேரத்தில் முழு உருவத்தையும் பார்க்கவே முடியாது. நாலு கையும் செதில் உடம்புமாக, கிட்டத்தட்ட மனுஷச் சாயலில் நின்ற பழைய கிராக்கனை ஒரு சிறுவன் காகிதத்தில் வரைந்துவிட முடியும். புதியதை வரையச் சொல்லிப் பாருங்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். 2010 படத்தைப் பத்து வயதில் முதலில் பார்த்தவர்கள் இன்று பெரியவர்கள், அவர்களுக்கு அது பிடிக்கிறது, பிடிப்பதற்குக் காரணமும் இருக்கிறது. பாலைவனத்தில் ராட்சதத் தேள்களோடு நடக்கும் சண்டை பிரமாதம், மூலத்தில் இருப்பதைவிட நன்றாகவே வந்திருக்கிறது. ஒரே கண்ணைப் பகிர்ந்துகொள்ளும் கிழவிகள் குமட்டும்படி இருக்கிறார்கள், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ரேஃப் ஃபைன்ஸ் கரகரத்த குரலில் ஹேடீஸாக வந்து நீசனை முறைப்பதைப் பார்க்கவே ஒருமுறை உட்காரலாம். கடவுள்களின் கவசங்கள் ‘செயிண்ட் செய்யா’ என்ற ஜப்பானிய காமிக்ஸின் தாக்கத்தில் வந்தவை, லெட்டரியே அதன் தீவிர ரசிகர். அந்தக் காமிக்ஸ் தெரிந்தவர்களுக்கு அது தனிக் கொண்டாட்டம். கடவுள்களுக்கு இன்னும் பெரிய பங்கு வைத்து எடுத்திருந்தார்கள், வெட்டிவிட்டார்கள் என்பது டிஸ்க்கில் வந்த நீக்கப்பட்ட காட்சிகளைப் பார்த்தால் புரியும். அந்தப் படம் முழுசாக வந்திருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கலாம்.

பழைய படமும் கோயில் சிலை இல்லை. நடுவில் தொய்வு அதிகம். ஒலிம்பஸில் வெள்ளைத் துணி போர்த்திய பெரிய நடிகர்கள் நின்றுகொண்டு வெறுமனே பேசுகிறார்கள். கலிபோஸ் கிட்டத்தில் நீல் மெக்கார்த்தி, தூரத்தில் பொம்மை, இரண்டும் ஒட்டவே ஒட்டாது. ரசிகர்களுக்கு இதெல்லாம் தெரியும், அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள்.

லெட்டரியேவின் பிற்பகுதியைச் சொன்னால்தான் இந்தக் கதை நிறைவாகும். ஜிம் ஹென்சனும் ஃபிராங்க் ஆஸும் 1982-இல் எடுத்த பொம்மைப் படம் ‘தி டார்க் கிறிஸ்டல்’. அதற்கு முன்கதையாக 2019-இல் நெட்ஃபிளிக்ஸில் ஒரு தொடர் வந்தது, பத்துப் பகுதிகளையும் இயக்கியவர் இதே லெட்டரியே. முழுக்கக் கணினியில் செய்துவிடாமல், ஆட்கள் கையை உள்ளே விட்டு ஆட்டும் நிஜப் பொம்மைகளை வைத்தே எடுத்தார், கணினி அதற்குத் துணையாக மட்டும் நின்றது. ஹென்சன் ரசிகர்கள் ஹாரிஹவுசன் ரசிகர்களைவிடப் பிடிவாதக்காரர்கள், அவர்களே கொண்டாடினார்கள். எம்மி விருதும் கிடைத்தது. அடுத்த சீசன் வரவில்லை, நெட்ஃபிளிக்ஸ் நிறுத்திவிட்டது, அது வேறு சோகம். அதே மனிதர், அதே மாதிரிப் பழைய ஃபேண்டஸி, அதே மாதிரிக் கறாரான ரசிகர்கள், ஆனால் இந்தமுறை நேரம் கிடைத்தது. 2010-இல் அவருக்குத் திறமை இல்லாமல் போகவில்லை என்பதற்கு எனக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பையன் விஷயம். முதலில் 1981 படத்தையே காட்டுங்கள். வரிசை மாறினால் பழையது மெதுவாகத் தெரிந்து பாதியில் எழுந்துவிடுவான். முழுப்படமும் ஒரே மூச்சில் வேண்டாம், இரண்டு நாளாகப் பிரித்துப் போடலாம், முதல் அரைமணி கொஞ்சம் இழுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓரிரு காட்சிகளில் உடை இல்லாத உடல்கள் ஒரு கணம் வந்துபோகும், அதைத் தெரிந்துகொண்டு ரிமோட்டைக் கையில் வைத்திருங்கள். மெடூசா காட்சியை இரவில் படுக்கப் போகும் நேரத்தில் போடாதீர்கள், எட்டு வயதுக்கு அது நிஜமாகவே பயம். பிடித்திருந்தால் அடுத்து ‘ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்’ எலும்புக்கூடு சண்டை. 2010 படம் பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் போதும், சாதாரண 2டியில், தேள் சண்டைக்காக.